குழாய்க்குள் ஒரு சத்தம்

டிக் என்றது. போதும் என்று கை தானாக நின்றுவிட்டது. இத்தனை வருசப் பழக்கம். இறுக்கத்தை அளக்கிற ஸ்பேனரான டார்க் ரெஞ்சில் அஞ்சு என்று அளவு வைத்து இறுக்கினால் அஞ்சு வந்ததும் அதுவே டிக் என்று சொல்லிவிடும், கை நின்றுவிடும். அப்புறம்தான் திருமூர்த்திக்கு உறைத்தது, கையில் இருப்பது டார்க் ரெஞ்சே இல்லை. சும்மா ஒரு எல்-கீ. பெண்டாட்டி வானதியின் சைக்கிள் சீட்டுக்கு அடியில் தொங்குகிற சின்னப் பைக்குள் பஞ்சர் ஒட்டுகிற சாமானோடு கிடந்தது. எல்-கீ டிக் என்று சொல்லாது, அதற்கு வாய் கிடையாது. அப்படியென்றால் சொன்னது எது? டார்க் ரெஞ்ச் சாமி ரூமில் அல்லவா இருக்கிறது, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, ஸ்பேனர் செட்டுக்கும் பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸுக்கும் நடுவில், காலையிலிருந்து மாப்பிள்ளை மாதிரி படுத்துக் கிடக்கிறது. ஆயுத பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலை மறுபூஜை போட்ட பிறகுதான் தொடணும். பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருந்த அப்பா இந்த ஒரு விசயத்தில் எமகாதகர், அன்றைக்கு யாராவது ஒரு திருப்புளியைத் தொட்டால்கூட அடிக்க வந்துவிடுவார். திருமூர்த்தி ராகு காலம் பார்க்கிற ஆள் இல்லை. பூனை குறுக்கே போனால் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறவன். பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கணக்குப் போடுகிறவன். ஆனாலும் மத்தியானம் சாமி ரூம் வாசல் வரைக்கும் போய், அந்த ரெஞ்சின் மேல் இருந்த குங்குமப் பொட்டைப் பார்த்ததும் கை நீளவில்லை. பூஜையில் வைக்காத எல்-கீயைத் தொட்டால் குற்றமில்லை என்று தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டான். சாமிக்கே சட்டம் சொல்லிக்கொடுக்கிற ஆள்!

சமையலறை ஜன்னல் வழியாக வானதியின் குரல் வந்தது. பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். "மாமா, ஆச்சுங்களா?" "ஆகுது, ஆகுது" என்றான். குரல் சரியாகத்தான் வந்தது, அதுவே ஆச்சரியம். கார் ஷெட்டில் ஸ்டாண்டில் தொங்கிய சைக்கிளைப் பார்த்தான். புது ஃபோர்க். முன் சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிற இரண்டு கால், அதன் தலையிலிருந்து ஒரு கார்பன் குழாய் மேலே எழும்பி, சட்டத்தின் கழுத்துக்குள் பேரிங் வழியாக நுழைந்து வெளியே வருகிறது. ஸ்டீரர் என்பார்கள். அந்தக் குழாயைத்தான் ஹேண்டில்பார் கவ்விப் பிடிக்கணும். இந்த ஹேண்டில்பார் பழைய மாதிரி இரண்டு துண்டு இல்லை, கழுத்தும் கொம்பும் ஒரே வார்ப்பு, பிரேக் எண்ணெய் ஓடுகிற ஹோஸ்கூட வெளியே தெரியாமல் அதன் வயிற்றுக்குள்ளேயே ஓடும். பின்பக்கம் இரண்டு போல்ட். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்கணும், அஞ்சுக்கு மேல் போகக்கூடாது என்று செய்தவன் அதன் மேலேயே அச்சடித்திருக்கிறான். இரும்புக் குழாய் என்றால் கூட இறுக்கினால் சும்மா நசுங்கும், நசுங்கினது கண்ணுக்குத் தெரியும். கார்பன் அப்படி இல்லை, உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டுவிட்டு வெளியே பளபளவென்று சிரிக்கும். நாளைக்கு விடிந்ததும் மேட்டுப்பாளையத்தில் ரேஸ் கிளம்புகிறது. கோத்தகிரிக்கு ஏறணும், அதே வழியில் இறங்கணும். ஏறும்போது ஒன்றும் ஆகாது. இறக்கத்தில், கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால், முழு உடம்பு பாரத்தையும் இரண்டு கையில் கொடுத்து பிரேக்கைப் பிடிப்பாளே, அந்த நேரத்தில் அந்தக் குழாய் பட்டென்று போனால் ஹேண்டில்பார் மட்டும் அவள் கையோடு வரும். சக்கரம் அதன்பாட்டுக்கு வேறு பக்கம் போகும். சே, என்ன நினைப்பு இது, நல்ல நாளும் அதுவுமாக. பிசினாகக்கூட இருக்கலாம். வழுக்காமல் இருக்க தானே ஒரு மணல் பிசின் தடவியிருக்கிறானே, அது நறநறக்கும். நறநறக்கும், சரி. டிக் என்குமா?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். சொன்னால் போகிற பயமா அது. போன மாசம் கம்பெனியில் மீட்டிங்கில் இருந்தபோது போன் அடித்தது, வானதி என்று திரையில் பெயர், எடுத்தால் யாரோ ஒரு ஆம்பளைக் குரல். "ஏனுங், இந்தப் போன்ல மாமான்னு போட்டிருக்குதுங், நீங்க இந்தம்மாவுக்கு என்ன வேணுமுங்?" அந்த ஆள் அப்புறம் சொன்னதெல்லாம், சிறுவாணி ரோடு, நாய் குறுக்கே வந்துருச்சு, நெனவு இருக்குது பயப்படாதீங்க, எல்லாம் பிறகுதான் காதில் ஏறியது. முதலில் அந்தக் கேள்வி மட்டும்தான். என்ன வேணும்? அவளுக்கு நான் என்ன வேணும்? ஆஸ்பத்திரியில் தோள்பட்டையில் கட்டோடு உட்கார்ந்துகொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "சைக்கிள் என்னாச்சு மாமா?" அடிப்பாவி! அவனுக்கு வந்த கோபத்தில் சைக்கிளைத் தூக்கி வாலாங்குளத்தில் எறிந்திருப்பான். ஃபோர்க் விரிசல் விட்டிருந்தது, ஹேண்டில்பார் ஒரு பக்கம் தேய்ந்து நார் நாராகத் தெரிந்தது. இத்தோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தான். விடவில்லை. கட்டுப் பிரித்த மறுநாளே புது ஃபோர்க் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அவன் சொன்னான், இந்த வருசம் ரேஸ் வேண்டாம், அடுத்த வருசம் பாத்துக்கலாம். அவள் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள், "பள்ளிக்கூடத்துல நான் கணக்கு டீச்சர், வீட்டுல அம்மா, உங்கம்மாவுக்கு மருமக. அந்த மலையில மட்டுந்தான் மாமா நான் வானதி. அதையும் வேண்டாங்கறீங்களா?" அவன் சாப்பிட்டு முடிக்காமல் எழுந்து கை கழுவினான். அப்படிக் கை கழுவினது தப்புத்தான், அன்றைக்கே தெரிந்தது.

அப்புறம் என்ன தோன்றியதோ, நானே மாட்டித் தருகிறேன் என்றான். கடையில் கொடுத்தால் எவன் எப்படி மாட்டுவானோ, நம்ம கை பட்டால் நமக்கு நிம்மதி. ஃபோர்க் முதலில் வந்தது, ஹேண்டில்பார் வரவில்லை. பெங்களூரில் இருக்கிற அவள் சிநேகிதி வாங்கி, லீவுக்கு ஊருக்கு வரும்போது எடுத்து வருவதாக ஏற்பாடு. அதனால் குழாயை மட்டும் போன ஞாயிறே அறுத்தான். அதுதான் கண்டம் என்று நினைத்திருந்தான். கொஞ்சம் நீளமாக விட்டால் மறுபடி அறுத்துக்கொள்ளலாம், கொஞ்சம் குறைந்துவிட்டால் ஃபோர்க்கே குப்பைக்கு. அளந்தான், டேப் சுற்றினான், மறுபடி அளந்தான், வானதியைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னான், அவள் சிரித்தாள், "மாமா, கல்யாணத்துக்குத் தாலி அளந்தாக்கூட இத்தனை பாடு இல்ல." மூக்குக்குத் துணி கட்டி, ஈரத்துணி போர்த்தி, மெல்ல மெல்ல ரம்பம் இழுத்தான், கறுப்புத் தூள் விரல் இடுக்கில் ஏறி ரெண்டு நாள் அரித்தது. அளவு கச்சிதம். அந்தக் கண்டம் தாண்டியாயிற்று என்று அன்றைக்கு பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம்கூட வாங்கிக்கொடுத்தான். ஹேண்டில்பாரும் வந்து சேர்ந்து, இன்றைக்கு இரண்டே இரண்டு போல்ட், பச்சைப் பிள்ளைகூட இறுக்கும், அதில் வந்து மாட்டிக்கொண்டான். ஆனை போன பிறகு வால் சிக்கின கதை. இப்போது தலை மூடியைக் கழற்றினான், உள்ளே குழாயை விரித்துத் தாங்குகிற உருளையையும் கழற்றி எடுத்தான், செல்போன் லைட்டை அடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தான். கறுப்பு. கறுப்புக்குள் ஒரு கோடு. நேராக, நெடுக்காக, மயிரிழை. கீறலா, அச்சில் வார்த்தபோதே விழுந்த கோடா? போன ஞாயிறு அறுத்துவிட்டு உள்ளே பார்த்தேனே, அப்போது இருந்ததா? பார்த்தேன், நன்றாகத்தான் பார்த்தேன், ஆனால் கோடு இருந்ததா இல்லையா என்று கேட்டால் நினைவு வழுக்குகிறது. இருந்த மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. விரலை விட்டால் நகம் அவ்வளவு ஆழம் எட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, கவ்வின இடத்துக்கு மேலே லேசாகத் தட்டினான். நல்ல கார்பன் கணீர் என்கும், விட்டுப்போனது பொத்தென்கும். கணீர் என்றும் இல்லை, பொத்தென்றும் இல்லை. தெருவில் யாரோ மைக் செட்டில் பக்திப் பாட்டு போட்டுத் தொலைத்திருந்தார்கள், கோவிலுக்கு வெளியே ஆட்டோக்காரர்கள் பூஜை. அந்தச் சத்தத்தில் என்ன கேட்கும்.

மேலே தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஹேண்டில்பாரை உருவினால் வெளிப்பக்கம் போல்ட் பிடித்த இடம் பளிச்சென்று சொல்லும். ஆனால் உருவணும் என்றால் உள்ளே ஓடுகிற பிரேக் ஹோஸை லீவரில் கழற்றணும், கழற்றினால் எண்ணெய் போகும், ஹோஸ் நுனியில் போட்ட சின்னப் பித்தளை வளையம் ஒரு தடவை நசுங்கினால் மறுபடி உதவாது. வேறு வளையம் கையில் இல்லை. கோயமுத்தூர் முழுக்கக் கடைகள் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, ஷட்டரை இறக்கிவிட்டுப் போயாச்சு. உருவினால் நாளைக்கு ரேஸ் இல்லை. உருவாவிட்டால். உருவாவிட்டால் என்ன, ஒன்றும் இல்லாமல்கூட இருக்கலாம், நூற்றுக்குத் தொண்ணூறு ஒன்றும் இருக்காது. மிச்சம் பத்து? கம்பெனியில் ஒரு பம்பு கேசிங்கில் இப்படி ஒரு கோடு தெரிந்தால் யோசிப்பானா? தூக்கிப் போடு என்பான், கண் மூடித் திறப்பதற்குள் சொல்வான். இங்கே வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று தெரியும், தெரிந்ததால்தான் வேர்க்கிறது. வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன மனுசன், கடைசி நாள் சாயங்காலம் வந்து குழாய் போச்சு, நீ போக முடியாது என்றால் எவள் நம்புவாள்? முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது. அவள் நம்பமாட்டாள் என்பதுகூட அப்புறம். நீ நம்புகிறாயா, மூர்த்தி? அவள்தானே சொன்னாள், மத்தியானம், சாமி ரூம் வாசலில் நின்ற அவனைப் பார்த்து, "எடுத்துக்குங்க மாமா, சாமி ஒண்ணும் கண்ணைக் குத்தாது." கற்பூரம் காட்டினவளே சொன்னாள். கையளவு தெரியாதா எனக்கு என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தாயே, அது அப்பா மேல் வைத்த பக்தியா? எத்தனை வருசமாக இல்லாத பக்தி இன்றைக்கு எங்கிருந்து வந்தது? கீழ் போல்ட்டை இறுக்கும்போது போதும் என்று விரலுக்குத் தெரிந்தது, தெரிந்த பிறகும் இன்னும் ஒரு அரைக்கால் திருகு கொடுத்தாயே. அவள் உயிர், கெட்டியாக இருக்கட்டும் என்றுதான் கொடுத்தேன். அப்படியா? கெட்டியாக இருக்கட்டும் என்றா? இல்லை, உள்ளுக்குள் எதுவோ ஒன்று, போகவேண்டாம் போகவேண்டாம் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது கைக்கு இறங்கிவிட்டதா? கை வேணுமென்றே இறுக்கியதா? அட ச்சீ, பெண்டாட்டி பிள்ளை இருக்கிறவன் நினைக்கிற நினைப்பா இது. உருளையைத் திரும்ப உள்ளே போட்டான், தலை மூடியை மூடினான், துணியால் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான்.

"ஆச்சா?" என்று பக்கத்தில் குரல் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. வானதி கையில் டீ டம்ளரோடு நின்றாள். நெற்றியில் விபூதி, தலையில் காலையில் வைத்த கனகாம்பரம், கீழே மட்டும் சைக்கிள் ஓட்டுகிற கால்சட்டை, போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே வந்துவிட்டாள் போல. "ஆச்சு" என்றான். எப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை, வாய் சொல்லிவிட்டது. அவள் டீயை அவன் கையில் கொடுத்துவிட்டு சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்கினாள், காலைப் போட்டு ஏறி உட்கார்ந்தாள், முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தாள். ஆட்டம் இல்லை. குனிந்து கொம்பைப் பிடித்தாள், முழு பாரத்தையும் கொடுத்து அழுத்தினாள். அவன் டம்ளரை இறுக்கிப் பிடித்தான், சூடு தெரியவில்லை. ஒரு சத்தமும் வரவில்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது, பதினைந்து வருசத்தில் அவன் வாங்கிக்கொடுத்த எந்தப் புடவைக்கும் அப்படி மலர்ந்ததில்லை. "சூப்பருங்க மாமா. பழசைவிட கெட்டியா இருக்குது." அப்புறம் கொஞ்சம் குரலை இறக்கிச் சொன்னாள், "நெசமாச் சொல்றேன். நீங்க வேண்டாம்னு சொன்னதுல, ஏதாச்சும் சாக்குச் சொல்லி மாட்டித் தராமயே விட்டுருவீங்களோன்னு ஒரு பயம் இருந்துச்சு. மனசுக்குள்ள உங்களத் திட்டிக்கூடப் போட்டேன். மன்னிச்சுக்குங்க." இதற்கு மேல் ஒரு மனுசனை எதை வைத்துக் குத்த முடியும். இப்போது பேசாமல் இருந்தால் நல்ல புருசன், இந்தத் தெருவிலேயே நல்ல புருசன், நாளைக்குக் காலை வரைக்கும். குழாய் தாங்கினால் ஆயுசுக்கும். தாங்காவிட்டால் இன்னொரு போன் வரும், வேறு ஒரு குரல் கேட்கும், நீங்க இந்தம்மாவுக்கு என்ன வேணுமுங். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"இறங்கு வானதி." அவள் சிரித்துக்கொண்டே, "ஏனுங்க, நீங்க ஓட்டப் போறீங்களா?" என்றாள். "இறங்குன்னு சொல்றேன்." சிரிப்பு நின்றது. "இறுக்கும்போது ஒரு சத்தம் வந்துச்சு. டிக்குன்னு. குழாய் விரிசல் விட்டிருக்கலாம். உள்ள ஒரு கோடு தெரியுது." அவள் இறங்கினாள், சைக்கிளை விடவில்லை, ஹேண்டில்பாரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். "எப்ப வந்துச்சு?" "மத்தியானம் கழிச்சு." "நான் ஆச்சான்னு கேட்டப்பவே?" "அப்பவே." "அப்பப் புடிச்சு சொல்லாம இருந்தீங்க." அவள் கண் ஸ்டாண்டுக்குக் கீழே கிடந்த எல்-கீ மேல் விழுந்தது. "டார்க் ரெஞ்சை எடுக்கச் சொன்னேன். நான்தான சொன்னேன்?" "சொன்னே." தெருவில் பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்குள் ஒரு இடைவெளி விழுந்தது, அதில் அவள் குரல் ரொம்பத் தெளிவாகக் கேட்டது. "வேணும்னே பண்ணிப்போட்டீங்களா மாமா?" இல்லை என்று சொல்வதற்கு ஒரு வினாடி போதும். ஆயிரம் தடவை சொல்லிப் பழகின வார்த்தை. "தெரியல" என்றான் திருமூர்த்தி. அவள், "சத்தம் வந்துச்சுன்னு நீங்க சொல்றீங்க. எனக்கு ஆட்டங்கூட இல்ல. நான் போவேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, விழவில்லை. இவளோடு பேசி ஜெயிக்க முடியாது, அதற்கு நேரமும் இல்லை, இன்னும் கொஞ்சம் நின்றால் தனக்குத் தைரியம் போய்விடும். அவன் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்த ஸ்பேனரை எடுத்தான், பிரேக் லீவரின் ரப்பரை மடக்கினான், ஹோஸின் திருகைக் கழற்றினான். "மாமா! மாமா, வேண்டாம்!" என்று அவன் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. எண்ணெய் அவன் மணிக்கட்டு வழியாக வழிந்து அவள் விரல் மேலும் இறங்கியது. அவ்வளவுதான், ரேஸ் போயாச்சு, அது இரண்டு பேருக்கும் தெரிந்தது, அவள் கை தானாகத் தளர்ந்தது. இன்னொரு பக்கத்து ஹோஸையும் கழற்றினான். போல்ட் இரண்டையும் தளர்த்தினான், எண்ணெயில் வழுக்கி எல்-கீ ஒரு தடவை கீழே விழுந்தது, எடுத்து மறுபடி தளர்த்தினான், ஹேண்டில்பாரை அசைத்து அசைத்து மேலே உருவினான். மணல் பிசின் நறநறத்தது. இது வேறு சத்தம். ஐயோ, ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டால்? குழாய் முழுசாக இருந்துவிட்டால் இந்த ஜென்மத்துக்கு இவள் முகத்தில் எப்படி முழிப்பேன்? இருக்கணும், கடவுளே, விரிசல் இருக்கணும் என்று வேண்டிக்கொண்டே பிசினைத் துடைத்தான், கட்டைவிரலை வைத்து மெல்லச் சுற்றிக்கொண்டு வந்தான். வழவழப்பு. வழவழப்பு. பின்பக்கம், கீழ் போல்ட் பிடித்த இடத்தில், நகம் சிக்கியது. லைட்டைக் கொண்டுபோனான். குறுக்கே, விரல் அகலத்துக்கு, நார் எழும்பி வெள்ளையாக வாய் பிளந்திருந்தது. அழுத்தினால் உள்ளே போய் வந்தது.

உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் குளுகுளுவென்று என்னவோ இறங்கியது. நாளைக்கு இந்நேரம் இவள் பிணமாக வந்திருப்பாள், வரவில்லை, இதோ நிற்கிறாள், கனகாம்பரம் வைத்துக்கொண்டு உயிரோடு நிற்கிறாள், நான் பொய் சொல்லவில்லை, இதோ சாட்சி, கண் முன்னால் இருக்கிறது, யாரும் இனி ஒரு வார்த்தை சொல்ல முடியாது. வாய் காது வரைக்கும் போனது, அடக்க முடியவில்லை, அடக்கணும் என்றுகூடத் தோன்றவில்லை. "பாத்தியா வானதி! பாத்தியா! நான் சொன்னேன்ல!" என்று கூவியபடி குழாயை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். வானதி குழாயைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.